செயப்படுபொருள்

மூன்றாம் சாட்சி தருமையன், எறால் குட்டை வாட்ச்மேன்,
கூண்டில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி வைத்தார்.
விடியக்காலம் நாலரை இருக்கும் என்றார்.
எதிரே காத்தையன். தோளில் மண்வெட்டி. முழங்கால்வரை சேறு.
"வெட்டிட்டேண்ணே" என்றான்.
அவ்வளவுதான்.

திருவாரூர் செஷன்ஸ் கோர்ட்டில்
தமிழில் சொல்வதை இங்கிலீஷில் அடிப்பவள் நான்.
பதினாறு வருஷமாக
அரிவாள், கடப்பாரை, பாலிடால்
எல்லாவற்றுக்கும் என்னிடம் சொல் இருந்தது.
அன்று விரல் நின்றது.

தமிழில் எதை என்று சொல்லாமலே வெட்டலாம்.
இங்கிலீஷில் வெட்டினால்
ஒன்றை வெட்டியாக வேண்டும்.
வரப்பையோ
மனிதனையோ.

மனிதனைத்தான் என்றார் அரசு வக்கீல்.
வரப்பை என்றார் காத்தையனின் வக்கீல்,
மகஜரைப் பாருங்கள், இரண்டடி அகலத்துக்கு உடைப்பு.
ஜட்ஜ் என்னைப் பார்த்தார்,
விட்டுப்போன சொல்லை நான் கைப்பையில் வைத்திருப்பதுபோல.

சாப்பாட்டு வேளையில் பார் லைப்ரரி.
அட்டையைக் கரையான் தின்ற பழைய புத்தகம் ஒன்று.
கொலைக்கு என்னென்ன வேண்டும் என்று
வெள்ளைக்காரன் எழுதி வைத்திருந்தான்.
உயிரோடிருக்கும் ஒரு மனிதன் வேண்டும்:
இருந்தார் பக்கிரிசாமி, ஐம்பத்திரண்டு வயது,
ஆறு மா குத்தகை, இடது காது கொஞ்சம் மந்தம்.
அரசனின் அமைதி நிலவும் இடமாக இருக்க வேண்டும்.
இங்கே பென்சிலை வைத்துவிட்டேன்.
அந்த வாரம் மதகுக்கு நாலு போலீஸ் காவல்.
ஆறு நாளைக்கு ஒரு ராத்திரி தண்ணீர் முறை.
கடைமடையில் நாற்றங்கால் பழுத்துக்கொண்டிருந்தது.
எந்த அரசன், எந்த அமைதி.

பிறகு, முன்கூட்டிய கெட்ட எண்ணம்.
முன்கூட்டி என்றால் எவ்வளவு முன்?
வீட்டைவிட்டுக் கிளம்பும்போதா?
வயலுக்குப் போகிறவன் கையில் மண்வெட்டி இருக்கத்தான் செய்யும்.
"உன் முறை முடிஞ்சிது, போ" என்று
பக்கிரிசாமி காறித் துப்பியபோதா?
தூக்கிய மண்வெட்டி
இறங்குவதற்கு முன் தலைக்கு மேல் ஒரு கணம் நிற்குமே,
கனம் கை மாறும் இடம்,
அங்கே ஒரு எண்ணம் உட்கார இடம் உண்டா?
புத்தகம் கறாராக இருந்தது:
முந்தின நாளே தீட்டி வைத்திருக்க வேண்டியதில்லை.
கொல்ல நினைத்திருக்கவும் வேண்டியதில்லை,
பலமான காயம் போட நினைத்தாலே போதும்.
நான் யாரை எப்போதெல்லாம் அப்படி நினைத்தேன் என்று
எண்ண ஆரம்பித்து
தயிர்சாதத்தை மூடிவிட்டேன்.

டாக்டர் ஹமீதா போன வாரமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
தலையில் ஒரே காயம், எலும்புவரை இறங்கவில்லை.
மூச்சுக்குழலில் வண்டல்.
முகங்குப்புற, கணுக்கால் தண்ணீரில்.
"அப்படியானால் கொன்றது தண்ணீர்தானே?"
"திருப்பிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்."
எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.
உடைப்பு வழியே
காத்தையன் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர்.
வரப்பு முதலிலா, மனிதன் முதலிலா,
மகஜரில் அது இல்லை.
காத்தையன் தலை குனிந்தே நின்றான்.
நகத்தில் இன்னும் சேறு இருப்பதாக எனக்குத் தோன்றியது,
பதினான்கு மாதமாக ஜெயிலில் இருக்கிறவன்.

மூன்று மணிக்குத் தருமையனை மறுபடி ஏற்றினார்கள்.
ஜட்ஜே கேட்டார்: எதை வெட்டினாய் என்று நீ அவனைக் கேட்டாயா?
"கேக்கலிங்க."
ஏன்?
தருமையன் தன் செருப்பைப் பார்த்தார்.
"அவன் வயலுக்குக் கீழதாங்க என் வயலு.
தண்ணி வர சத்தம் கேட்டுச்சி.
சந்தோசமா இருந்திச்சிங்க."

இதற்கு இங்கிலீஷ் இருந்தது.
அடித்தேன்.